நாலாவது மாடிக்கு எந்த மெஷின்?

போன மாதம் சோபாவில் டீக் கறை எடுப்பது பற்றி எழுதினேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், கறையைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்களெல்லாம் இடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தாராவியிலிருந்து ஒருவர் எக்ஸ்ரே படத்தையே உறைக்குள் வைத்து அனுப்பிவிட்டார். நான் டாக்டர் இல்லை. 1996-ல் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, அன்றிலிருந்து மும்பையில் ஊரார் வீட்டுக் கார்ப்பெட்டைக் கழுவிப் பிழைக்கிறவன். ஆனாலும் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பீரோவிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. அதனால் இந்த முறை கறை கிடையாது, மெஷின் எடைதான்.

*

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வயது 44. சொந்தமாகக் கார்ப்பெட், சோபா க்ளீனிங் செய்கிறேன். கூட ஒரு பையன். என்னிடம் இருப்பது, தண்ணீரைத் தெளித்து அழுக்கோடு திரும்ப உறிஞ்சுகிற, 40 லிட்டர் டேங்க் வைத்த பெரிய எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின், எட்டு வருஷமாக உழைக்கிறது. இப்போது வேலை அதிகம் வருவது தாதர், மாட்டுங்கா, கிர்காவ் பக்கத்துப் பழைய கட்டடங்களில். லிஃப்ட் இருக்காது, இருந்தாலும் மெஷினோடு ஏற விடமாட்டார்கள். போன மாதம் மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும்போது இடுப்பு பிடித்து நாலு நாள் படுத்துவிட்டேன். லைட்டான மெஷின் வாங்கலாம் என்றால், "சரியா இழுக்காது, கார்ப்பெட் காயாது, கஸ்டமர் கையைவிட்டுப் போயிடுவான்" என்று தொழிலில் உள்ளவர்களே பயமுறுத்துகிறார்கள். எதை வாங்கலாம்? எந்தக் கம்பெனி?
— ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னால் அடுத்த மாதம் மற்ற கம்பெனி ஏஜென்ட்டுகள் எல்லாரும் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பங்கார் கடை, அதாவது பழைய இரும்புக் கடை, கட்டாயம் இருக்கும். அங்கே தரையோடு கிடக்கும் பெரிய தராசில் உங்கள் சாமான் மொத்தத்தையும் ஏற்றுங்கள். விற்க வந்ததாக நினைத்துப் பங்கார்வாலா விலை பேச ஆரம்பிப்பான், கண்டுகொள்ளாதீர்கள். நான் இதைச் செய்தபோது வந்த கணக்கு இது: மெஷின் மட்டும் 43 கிலோ. ஹோஸ் இரண்டு துண்டு, தண்ணீர்க் குழாயோடு 9 கிலோ. ஸ்டீல் கம்பி, அதாவது நின்றுகொண்டு இழுக்கிற வாண்ட், 5 கிலோ. கெமிக்கல் கேன் இரண்டு, 10 கிலோ. எக்ஸ்டென்ஷன் போர்டு, பிரஷ், துணி எல்லாம் சேர்ந்து 4. மொத்தம் 71. டேங்கில் 40 லிட்டர் ஊற்றினால் 111 கிலோ. கேட்லாக்கில் போட்டிருந்தது 43. நானும் பத்து வருஷமாக 43 கிலோ தூக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணியை மேலே போய்த்தானே நிரப்புறோம்" என்பீர்கள். ஏறும்போது சரி. இறங்கும்போது?

2009, ஜூலை மாதம். கிராண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய கட்டடம், நாலு மாடி, மரப்படி. வேலை முடிந்ததும் அந்த வீட்டம்மா, அழுக்குத் தண்ணீரைப் பாத்ரூமில் ஊற்றக் கூடாது, கீழே கொண்டுபோய் ஊற்று என்றுவிட்டார். மழை வேறு. டேங்கில் பன்னிரண்டு பதிமூன்று லிட்டர் கறுப்புத் தண்ணீர் கிடந்தது. அதோடு இறக்கினோம். பையன் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான், நான் கீழே தாங்கினேன். டேங்க் நிறைய இருந்தாலாவது தண்ணீர் அசையாது. பாதியில் இருந்தால் தளும்பும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மெஷினைச் சாய்த்தோம். உள்ளே இருந்த தண்ணீர் ஒரே பக்கம் ஓடியது, அதன் பின்னாலேயே மெஷினும் போனது. மேலே இருந்தவன் கை நழுவிவிட்டான். நான் விடவில்லை. விட்டிருக்க வேண்டும். இடுப்புக்குள் முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சத்தம் கேட்டு வீட்டம்மா வந்தார், குனிந்து படிக்கட்டின் ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனார். மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. நான் 22 நாள் படுக்கை. அந்த மாத வீட்டு வாடகை என் மனைவியின் சீட்டுப் பணத்தில் போயிற்று.

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் 1991-ல் தூக்கும் எடைக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டது. அது தொடங்குகிற எண் 23 கிலோ. அதுவும் எப்போது? பாரம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பைத் திருப்பக் கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த 23-லிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். மரப்படித் திருப்பத்தில் இந்த நாலில் எது இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது மெஷினுக்கு வருவோம். சந்தையில் இருப்பதை எடையை வைத்து மூன்று ரகமாகப் பிரித்துக்கொள்ளலாம். 10 லிட்டர் டேங்க் ரகம், வெறும் மெஷின் 10, 12 கிலோ. 20 முதல் 30 லிட்டர் ரகம், 20 கிலோவுக்கு மேலே. அப்புறம் உங்களிடம் இருக்கும் யானை. நடு ரகத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். உங்கள் வேலைக்கு அது வேண்டாம் என்பேன். ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு போகும், இரண்டு பேர் பிடித்தால் மாடிப்படித் திருப்பத்தில் இடம் போதாது. யானையின் கஷ்டமும் உண்டு, யானையின் பலமும் இல்லை.

10 லிட்டர் ரகம் "இழுக்காது" என்று சொல்கிறார்களே, அதில் பாதி உண்மை. இழுப்பில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது. இன்னொன்று, எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு இழுக்கிற பலம் முதலாவது. தேங்கிக் கிடக்கும் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று இரண்டாவது. கேட்லாக்கில் முதலாவதை மில்லிபார் என்றோ கிலோபாஸ்கல் என்றோ தண்ணீர் மில்லிமீட்டர் என்றோ போடுவான். மூன்றும் ஒன்றுதான்: 10 மில்லிபார் ஒரு கிலோபாஸ்கல், அது ஏறக்குறைய 102 மில்லிமீட்டர் தண்ணீர். காற்றை ஒருவன் செகண்டுக்கு இத்தனை லிட்டர் என்பான், இன்னொருவன் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி, என்பான். லிட்டரை 2.12-ஆல் பெருக்கினால் சி.எஃப்.எம். வந்துவிடும். இதைப் போட்டுப் பார்க்காமல் இரண்டு கேட்லாக்கை ஒப்பிடாதீர்கள். 220 என்பது 2,200-ஐவிடச் சின்னதாகத் தெரியும், இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம்தான்.

பெரிய மெஷினில் இரண்டு மோட்டார் இருக்கும், காற்று அதிகம். அதனால்தான் அது ஏழு மீட்டர், பதினைந்து மீட்டர் ஹோஸ் போட்டாலும் தாங்குகிறது. ஹோஸ் நீள நீள இழுப்பு குறையும், இது எல்லா மெஷினுக்கும் பொது. சின்ன மெஷினுக்கு இரண்டரை மீட்டர் போல ஒரு குட்டை ஹோஸ்தான் வரும், ஆகவே ஒரே மோட்டார் போதும். "ஹோஸ் போதவில்லை" என்று அதற்கு நீள ஹோஸ் வாங்கி மாட்டுகிறவர்கள்தான் அப்புறம் இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்கள். குட்டை ஹோஸை வைத்துக்கொண்டு, மெஷினைக் காலால் தள்ளிக்கொண்டே போங்கள்.

பம்ப் பிரஷர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். கடைக்காரன் 500 பி.எஸ்.ஐ. என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அவ்வளவு பிரஷர் டைல்ஸ் தரைக்கு ஆகும், வீட்டுக் கார்ப்பெட்டில் அடித்தால் தண்ணீர் அடித்துணி வரை இறங்கி ஊறிவிடும், அதைத் திரும்ப இழுக்க எந்த மோட்டாராலும் முடியாது. கார்ப்பெட்டுக்கு 100 பி.எஸ்.ஐ. தாராளம், அது 7 பாருக்குச் சமம். சின்ன மெஷினில் 1 பார்தான் வரும், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போலத் தெளிக்கும். அப்படியானால் அழுக்கு எப்படிப் போகும்?

இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். 1959-ல் ஜெர்மனியில் ஹென்கெல் கம்பெனியில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர் சுத்தம் செய்வதை ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டினார். கெமிக்கல், தேய்ப்பு, சூடு, நேரம் என்று வட்டத்தில் நாலு துண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டி வட்டத்தை நிரப்ப வேண்டும். பெரிய மெஷின்காரன் பிரஷரை வைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கிறான். சின்ன மெஷின்காரன் நேரத்தைக் கொடுக்க வேண்டும். அடிப்பிடித்த பால் சட்டியை உடனே தேய்த்தால் கை வலிக்கும், தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வந்தால் தானாகப் பெயர்ந்து வரும் இல்லையா, அதேதான். முதலில் உலர்ந்த வாக்குவத்தால் மண்ணை எடுங்கள். கார்ப்பெட் அழுக்கில் பெரும்பங்கு காய்ந்த மண்தான், அதை நனைத்தால் சேறாகிவிடும். பிறகு கையால் பம்ப் அடிக்கிற தோட்டத்து ஸ்ப்ரேயரில் கெமிக்கலைத் தெளித்து, நீள பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள், காய மட்டும் விடக் கூடாது. அதற்கப்புறம் அந்த 1 பார் போதும், அலசுவதற்குத்தான் மெஷின்.

சூடு வேண்டுமென்றால் ஹீட்டர் வைத்த மெஷின் வாங்காதீர்கள், எடையும் கூடும், கரண்டும் இழுக்கும். வீட்டு கீஸர் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். எத்தனை டிகிரி வரை ஊற்றலாம் என்று மெஷின் புத்தகத்தில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் சூடு வேண்டாம்.

கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், எந்த ஏஜென்ட்டும் இதை விரும்ப மாட்டான். வீட்டிலிருந்து ஒரு பழைய கார்ப்பெட் துண்டும் ஒரு லிட்டர் அளவு ஜாடியும் கொண்டுபோங்கள். நல்ல தண்ணீர் டேங்கில் சரியாக 2 லிட்டர் ஊற்றச் சொல்லுங்கள். அது தீரும்வரை கார்ப்பெட் மேல் தெளித்து, தெளிக்காமல் மூன்று முறை வெறுமனே இழுத்து, அழுக்கு டேங்கில் வந்ததை ஜாடியில் அளந்து பாருங்கள். என் யானை 1¾ லிட்டர் திருப்பித் தந்தது. இப்போது வைத்திருக்கும் சின்னது 1½ லிட்டர். அந்தக் கால் லிட்டர் வித்தியாசம்தான் "காயாது" என்கிற பேச்சு. மெதுவாக இரண்டு இழுப்பு கூட இழுத்து, ஃபேனைப் போட்டுவிட்டு வந்தால் அது சரியாகிவிடுகிறது. ஒரு லிட்டருக்குக் கீழே தருகிற மெஷினும் கடைகளில் இருக்கிறது, பளபளவென்று. அதைத் தொடாதீர்கள்.

சோதித்த கையோடு மெஷினைத் தூக்கியும் பாருங்கள். ஒரு கையில் தூக்கி கடைப் படியில் நாலு படி ஏறி இறங்குங்கள். பிடி நடுவில் இருந்தால் மெஷின் நேராகத் தொங்கும். ஓரத்தில் இருந்தால் காலில் இடித்துக்கொண்டே வரும், 11 கிலோகூட அப்போது 20 மாதிரி தெரியும். கம்பி விஷயமும் அப்படித்தான்: ஸ்டீலுக்குப் பதில் அலுமினியம் கிடைக்கும். அதன் வாயில் வழுக்கிக்கொண்டு போக ஒரு டெஃப்லான் பட்டை மாட்டலாம். சின்னச் செலவு, ஆனால் இழுக்கும்போது தோளுக்கு எவ்வளவு மிச்சம் என்பது அன்று ராத்திரி சோறு பிசையும்போது தெரியும்.

10 லிட்டர் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும், வாளியும் கையுமாக நடக்க வேண்டும், அது உண்மை. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றுக்கு எனக்கு ஒரு டேங்க் ஆகிறது. ஒன்பதுக்கு ஆறு அடி கார்ப்பெட்டுக்கும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த நடை எல்லாம் சமதரையில், பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில். மாடிப்படியில் தண்ணீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதை மட்டும் போனிலேயே பேசிவிடுங்கள். "பாத்ரூம்ல ஊத்துவோம், கழுவிவிட்டுப் போவோம், சம்மதமா?" என்று கேட்ட பிறகுதான் நான் இப்போது தேதியே கொடுக்கிறேன்.

பழைய மெஷினை விற்காதீர்கள். ஆபீஸ் கான்ட்ராக்ட் வந்தால், கூட்ஸ் லிஃப்ட் உள்ள இடத்துக்கு அது வேண்டும். வீட்டு வேலைக்குச் சின்னது. இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆட்டோ சயானையும் பாந்த்ராவையும் தாண்டித் தெற்கே வராது, ஆகவே கிர்காவுக்குப் போக இவ்வளவு நாளும் டெம்போதானே வைத்திருப்பீர்கள்? சின்ன மெஷின் டாக்ஸியின் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். என் பையன் அதையும் மிச்சம் பிடிக்கிறான், லோக்கலில் லக்கேஜ் டப்பாவில் மீன் கூடைகளுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டு போகிறான். இறங்கியதும் ஹோஸை ஒருமுறை மோந்து பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

*

கேள்வி: லைட் மெஷின் எல்லாம் விளையாட்டுச் சாமான். தொழில்காரன் என்றால் கனமான மெஷின்தான் வைத்திருப்பான். நீங்கள் சொல்லுங்கள், சரியா?
— ஒரு வாசகர், முலுண்டு

பதில்: 1901-ல் லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியர் தூசி உறிஞ்சும் மெஷின் செய்தார். குதிரை வண்டியில் வரும். தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீள நீளக் குழாயை வீட்டுக்குள் விட்டு இழுப்பார்கள். ஏழாம் எட்வர்டு முடிசூட்டிக்கொள்வதற்கு முன், 1902-ல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கார்ப்பெட்டை அதை வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள். நீங்கள் சொல்லும் தொழில்காரர் அவர்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கிற ஆள் ஒருவர், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. கார்ப்பெட் தூசியில் இருமித் தீரவில்லை. ஒரு ஃபேன் மோட்டார், விளக்குமாற்றுக் கட்டை, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை, இவற்றை வைத்து ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போகிற மெஷினைச் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை ஹூவர் என்ற தோல் வியாபாரி வாங்கினார், பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். குதிரை வண்டி போய்விட்டது, விளையாட்டுச் சாமான் நின்றுவிட்டது. அதைச் செய்தவர் இன்ஜினியர் இல்லை, நம்மைப் போலக் கூட்டித் துடைத்தவர்.

*

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பும் உறவினர், அங்கே தொழில்காரர்கள் பயன்படுத்தும் போர்ட்டபிள் மெஷினைப் பழையதாக மலிவு விலையில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகர், அந்தேரி

பதில்: வேண்டாம். அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. நேராகச் சொருகினால் ஒரே நொடியில் மோட்டார் புகைந்துவிடும். வோல்டேஜ் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், அவ்வளவு பெரிய மெஷினைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஆட்டுக்கல் கனம் இருக்கும். லைட் மெஷின் வாங்கி ஆட்டுக்கல்லைச் சுமக்கப் போகிறீர்களா?

அந்த மெஷின்களில் இரண்டு ஒயர் தொங்குவதைப் பார்த்து, "டபுள் பவர்" என்று சிலர் மயங்குகிறார்கள். அங்கே சாதாரண பிளக்கில் 15 ஆம்பியர்தான், 120 வோல்ட்டில் அது 1,800 வாட். ஒரு பிளக் போதாமல்தான் இரண்டு ஒயர். நம் வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பிளக் ஒன்றே 3,680 வாட் தாங்கும். டி.வி. பக்கத்தில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் 1,380 வரை. ஆகவே இங்கே வாங்கும்போதும் மெஷினின் மொத்த வாட்டைப் பாருங்கள். 1,250, 1,300 என்றால் எந்தப் பிளக்கிலும் ஓடும். அதற்கு மேலே போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஏ.சி. பிளக்கைத் தேடி எக்ஸ்டென்ஷன் இழுக்க வேண்டும். தடித்த ஒயர் போர்டும் ஒரு சுமைதான். பங்கார் தராசில் அதையும் சேர்த்தேனே.

*

கேள்வி: நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து சோபா, மெத்தை சுத்தம் செய்யும் வேலை ஆரம்பிக்கப் போகிறோம். எங்கள் காலனியில் பெண்கள் வீட்டுக்குள் வந்தால் நல்லது என்கிறார்கள். எங்களால் தூக்க முடிகிற மெஷின் இருக்கிறதா? முதலில் எவ்வளவு சாமான் வேண்டும்?
— ஒரு வாசகி, செம்பூர்

பதில்: மேலே கோலிவாடா தம்பிக்குச் சொன்ன 10 லிட்டர் ரகமே உங்களுக்கும், அம்மா. ஒன்று போதும். அதோடு கையடக்கமான சோபா டூல், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் வருவதும் அதன் நிறமும் அதில் தெரியும், தெளிவாக வர ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். ஒரு உலர் வாக்குவம், இரண்டு ஸ்ப்ரேயர், மூடியுள்ள இரண்டு வாளி, நிறைய வெள்ளைத் துணி. வெள்ளை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எந்தத் துணியிலும் முதலில் பின்பக்க ஓரத்தில் கெமிக்கலைத் தடவி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த வேலையே வேண்டாம் என்று கிளம்பிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறைய வீட்டில் சோபாவைத் துணிப் பவுடர் போட்டு அவர்களே ஒருமுறை தேய்த்திருப்பார்கள், சொல்ல மாட்டார்கள். உங்கள் தண்ணீர் பட்டதும் அத்தனையும் நுரையாகக் கிளம்பும். சின்ன மெஷினில் அழுக்கு டேங்க் 9 லிட்டர் போலத்தான். நுரை மேலே ஏறி மோட்டாருக்குள் போய்விட்டால் அதோடு சரி. முதல் இழுப்பிலேயே நுரை தெரிந்தால் அழுக்கு டேங்கில் இரண்டு மூடி நுரைக் கொல்லி ஊற்றுங்கள், கெமிக்கல் கடையில் டீஃபோமர் என்று கேட்டால் கொடுப்பார்கள். டேங்க் பாதி ஆனதுமே கொட்டிவிடுங்கள். சத்தம் திடீரென்று கீச்சென்று மாறினால் டேங்குக்குள் இருக்கும் மிதவை ஏறி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே சுவிட்சை அணையுங்கள். நான் இந்தப் பாடத்துக்கு ஒரு மோட்டார் விலை கொடுத்திருக்கிறேன்.

உங்களில் உயரமானவர் யாரோ அவரைக் கம்பி பிடிக்கச் சொல்லாதீர்கள், கம்பியை உயரத்துக்குத் தகுந்தபடி நீட்டிக் குறைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். குட்டையான கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தால், மெஷின் பத்து கிலோவாக இருந்தும் புண்ணியமில்லை.

*

கேள்வி: ஆகஸ்டில் ஒரு வீட்டில் கார்ப்பெட் கழுவினோம். மூன்றாம் நாள் நாற்றம் என்று பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மெஷின் சின்னது என்பதால்தானா?
— ஒரு வாசகர், மலாட்

பதில்: மெஷினைவிட மாதம்தான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரத் துண்டு மாதிரி இருக்கும், அது உங்கள் கார்ப்பெட்டிலிருந்து எங்கே ஈரத்தை வாங்கும்? கம்பளி வேறு தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தைக் குடித்துக்கொண்டு, தொட்டால் காய்ந்த மாதிரியே நடிக்கும். அடியில் சணல் இருந்தால் மெதுவாகக் காயும்போது பழுப்புக் கறை மேலே ஏறி வரும், ரப்பர் பால் தடவிய அடிப்பக்கமாக இருந்தால் நாற்றம் வரும். மழைக்காலத்தில் நான் வீட்டுக் கார்ப்பெட்டுக்கு எக்ஸ்ட்ராக்‌ஷனே செய்வதில்லை. கெமிக்கலை லேசாகத் தெளித்து, இரண்டு உருளை பிரஷ் எதிரெதிராகச் சுற்றும் மெஷினால் தேய்த்து, காய்ந்த பிறகு வாக்குவம் போட்டுவிடுகிறேன். ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. கழுவியே ஆக வேண்டும் என்றால், ஜன்னலைச் சாத்தி ஏ.சி.யை டிரை மோடில் போட்டு, தரையோடு ஊதும் புளோயர் ஒன்றை ராத்திரி முழுக்க விட்டுவிட்டு வாருங்கள். புளோயர் வாடகையைப் பில்லிலேயே எழுதுங்கள்.

*

கேள்வி: வீட்டு வாக்குவம் க்ளீனரிலேயே இதையெல்லாம் செய்ய முடியாதா?
— ஒரு வாசகி, தானே

பதில்: தூசிக்குச் செய்யலாம். தண்ணீரை இழுத்தால் ஷாக் அடிக்கலாம், "வெட் அண்ட் டிரை" என்று எழுதியிருந்தால் தவிர.

*

தாராவி வாசகருக்கு: உங்கள் கேள்விக்கு மேலே முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேயை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். மடித்துவிடாதீர்கள், அடுத்த தடவை போகும்போது டாக்டர் பழைய படம் எங்கே என்று கேட்பார்.